வெந்தயம் மணக்கும் மிடறு

மொன்றியல் நகரம் கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிவது சென்ட் லோரன்ட் தெருவில். 1792இல் இதை எல்லைக் கோடாக வகுத்தார்கள். குறுக்கே ஓடும் தெருக்களின் வீட்டு எண்கள் இங்கே தொடங்கி இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகின்றன. அதனால் முகவரியைப் பார்த்ததுமே இந்தத் தெருவிலிருந்து எவ்வளவு நடை என்று சொல்லிவிடலாம். மோன் லப்பன் என்ற வைன் பாரின் முகவரி 150, சென்ட் சோட்டிக் கிழக்கு. அப்படியென்றால் சில நிமிட நடை.

பழைய துறைமுகத்திலிருந்து வடக்கே ஆற்றங்கரை வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தெருவையும் அதை ஒட்டிய கிளைத் தெருக்களையும் ஒரே பேட்டையாக நினைத்து, அங்குள்ள வைன் பார்களில் மாலையில் போய் உட்காருவது எனக்கு வாய்த்த நல்ல இன்பங்களில் ஒன்று. போதையை நாடிப் போகிறவர்களுக்கு இந்த நகரில் வேறு இடங்கள் உண்டு. இங்கே இன்பம் அளவில் இருக்கிறது: சின்னக் கூடம், சின்னத் தட்டு, கிளாஸின் அடியில் கொஞ்சம் வைன். அளவு குறையக் குறைய நாக்கும் மூக்கும் கூர்மையாகின்றன.

இந்தத் தெருவுக்கு வைன் பார்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே வைன் வந்துவிட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், சீனர்கள், கிரேக்கர்கள், போர்த்துக்கீசியர்கள், இத்தாலியர்கள் எனக் கப்பலேறி வந்தவர்கள் ஒவ்வொருவராக இதன் ஓரத்தில் குடியேறினார்கள். 1928இல் ருமேனிய யூதர் ஒருவர் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் இறைச்சிக் கடையின் வாசலில் இன்றும் வரிசை நிற்கிறது. மரி-ஆன் சந்திப்பில் போர்த்துக்கல் பூங்கா இருக்கிறது. இன்னும் வடக்கே லிட்டில் இத்தாலியில் 1954இல் வந்த மிலானோ மளிகையும் 1956இல் வந்த கஃபே இத்தாலியாவும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துக் கடைகள்.

செப்டம்பர் பிறந்தால் அருகிலுள்ள ஜோன்-தலோன் சந்தையில் கலிஃபோர்னியாத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்திறங்கும். அலிகாந்தே, சின்ஃபாண்டல், மஸ்கட் என்று வகை பார்த்து முதிய இத்தாலியர்களும் போர்த்துக்கீசியர்களும் வாங்கிப் போவார்கள். வீட்டின் நிலவறையில் அரைத்து, புளிக்கவைத்து, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து வைப்பார்கள். சிலருடைய கொல்லையில் பந்தலில் ஏறிய திராட்சைக்கொடி உண்டு. அத்தி மரத்தைக்கூட விடுவதில்லை, குளிர்காலத்துக்கு முன் வளைத்துப் படுக்கவைத்து மண்ணால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். இன்றைய வைன் பார்கள் இந்த நாக்குப் பழக்கத்தின் மேல்தான் எழுந்து நிற்கின்றன.

இன்னொரு காரணம் அரசாங்கம். வட அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அலை வீசிய காலத்தில், 1919ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்து மக்கள் பியரும் வைனும் சிடரும் வேண்டும் என்று சொன்னார்கள். 1921இல் மாகாண அரசே மது விற்பனையைக் கையில் எடுத்தது. அன்று அமைத்த ஆணையம் பெயர் மாறி மாறி, 1971 முதல் எஸ்ஏகியூ என்ற மூன்றெழுத்தில் வழங்குகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் முழுவதுமாக எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் அரசுதான் வியாபாரி.

ஆனால் கியூபெக்கில் ஒரு பக்கவாசல் உண்டு. எஸ்ஏகியூவின் அலமாரிக்கு வராத வைன்களைத் தனியார் முகவர்கள் வரவழைக்கலாம். அதுவும் எஸ்ஏகியூ வழியாகத்தான் வர வேண்டும், பெட்டிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். பெயர் தெரியாத சின்னத் தோட்டத்து வைனை எந்தக் குடும்பம் பெட்டியாக வாங்கி வைக்கும்? வைன் பார் வாங்கும். ஒரு போத்தலைத் திறந்து ஐந்து பேருக்கு ஊற்றும். கடையில் கண்ணில் படாத வைனைச் சுவைக்க ஊர்க்காரர்களுக்கு இருக்கும் வழி, அங்கே போய் ஒரு கிளாஸ் கேட்பது. அரசாங்கத்தின் கெடுபிடியே இந்தச் சின்னக் கூடங்களுக்கு இப்படியொரு பொறுப்பைக் கொடுத்துவிட்டது.

ஒரு போத்தல் 750 மில்லி. வழக்கமான ஒரு கிளாஸ் 5 அவுன்ஸ், ஏறத்தாழ 150 மில்லி. திறந்த போத்தலுக்குள் காற்று புகுந்துவிடும். இரண்டு மூன்று நாளில் பழத்தின் துடிப்பு அடங்கிப்போகும். ஆகவே கிளாஸ் கணக்கில் விற்கும் பார், திறந்ததை விரைவில் விற்றாக வேண்டும். கரும்பலகையில் பத்துப் பன்னிரண்டு வரி மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றால், கூட்டம் எவ்வளவு வரும், எது எத்தனை நாள் தாங்கும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். விலை உயர்ந்த போத்தலுக்கு வேறு வழி இருக்கிறது. மெல்லிய ஊசியைத் தக்கைக்குள் செலுத்தி, ஆர்கன் வாயுவை உள்ளே விட்டு, திறக்காமலேயே வைனை வெளியே எடுக்கும் கருவி வந்துவிட்டது. ஆனாலும் அழித்து அழித்து எழுதப்பட்ட கரும்பலகைக்கே என் ஓட்டு. ‘இன்றைக்கு இது நன்றாயிருக்கிறது’ என்று ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு எழுதிய கையெழுத்து அது.

தெருவின் மேலேயே இருப்பது மஜெஸ்டிக். 4105 என்பது எண். சிப்பிகளுக்குப் பேர்போன இடம். ஓரடி நீள ஹாட் டாக்கும் பட்டியலில் உண்டு என்பதால் யாரும் விறைப்பாக உட்கார முடியாது. சிப்பிக்கு மஸ்கடே என்பது பிரான்சில் நெடுநாளாக ஒத்துப்போன ஜோடி. லுவார் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் விளைவது மஸ்கடே. புளித்த பின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் கிடந்து பக்குவப்படும். சிப்பியை எலுமிச்சை பிழியாமல் வாயில் போட்டு, கடல்நீரின் உப்பு நாக்கில் இருக்கும்போதே ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். தனியே குடித்தபோது வெறுமையாகத் தோன்றிய வைனில் பழத்தின் இனிமை எழும். உப்பு புளிப்பை அடக்கி இனிப்பை மேலே கொண்டுவருகிறது. மாங்காயில் உப்பைத் தொட்டுத் தின்று வளர்ந்த நாக்குக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கே சற்று நடந்து பார்க் அவென்யூவுக்குப் போனால் புவெட் ஷே சிமோன். 2008இல் திறந்தது. அதை வடிவமைத்த செபுலோன் பெரோன் இந்த நகரத்து உணவகங்கள் பலவற்றுக்கு முகம் கொடுத்தவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய மக்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கூடத்தின் அமைப்பிலேயே தெரியும். வறுத்த கோழி உலோகத் தட்டிலேயே மேசைக்கு வந்துவிடும், பக்கத்தில் உருளைக்கிழங்கோடு. கோழித் தோலின் மொறுமொறுப்புக்குக் கமே வகைத் திராட்சையின் சிவப்பு வைனை லேசாகக் குளிரவைத்து ஊற்றக் கேட்பேன். சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பழைய பாடம் ஹீட்டர் இல்லாத ஐரோப்பிய வீடுகளுக்கு எழுதியது. கமேயைப் பதினான்கு டிகிரியில் கொடுத்தால் சாராய நெடி அடங்கி, பழம் முன்னே வந்து நிற்கும். இருபத்திரண்டு டிகிரியில் அதே வைன் சோர்ந்துவிடும். இந்த எட்டு டிகிரியில் அக்கறை காட்டும் பார்தான் எனக்கு நல்ல பார்.

மோன் லப்பனுக்கு வருகிறேன். வான்யா ஃபிலிபோவிச், மார்க்-ஒலிவியே ஃப்ரப்பியே இணை இதைத் தொடங்கியது 2018இல். அதற்கு முன் நோத்ர்-டாம் தெருவின் வான் பப்பியோன் என்ற வைன் பாரில், காய்கறியை நடுவில் வைத்து வைனைச் சுற்றிச் சமைக்கும் வழியை இருவரும் நிலைநாட்டியிருந்தார்கள். 2023இல் கனடாவின் சிறந்த நூறு உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றது, வைன் பாராகத் தொடங்கிய இந்தச் சின்ன இடம். அவர்கள் கைப்பக்குவத்துக்குச் சாட்சியாக எல்லோரும் சொல்வது, ஸ்காலப் சதையை மசித்து ரொட்டிக்கிடையில் வைத்துப் பொரித்த சாண்ட்விச். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கடலின் இனிப்பு, மொத்தமே சில கடி. இன்னும் ஒன்று வேண்டும் என்று நாக்கு கேட்கும் இடத்தில் தட்டு காலியாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்த சமையல்காரர்கள் அபூர்வம்.

இங்கே வைனைத் தேர்ந்து பரிமாறுபவர்களை சொம்மெலியே என்பார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர், ஃபிலிபோவிச் அவர்களில் முன்னோடி. பார் என்றாலே பெண்கள் ஒதுங்கிப் போகும் இடம் என்று பழகிய நமக்கு, ஒரு பெண் தனியே வந்து உட்கார்ந்து, அரைக் கிளாஸ் வைனோடு புத்தகம் வாசித்துவிட்டு எழுந்து போவதைப் பார்ப்பது ஆறுதலான காட்சி.

நல்ல சொம்மெலியே ஊற்றுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். போத்தலின் லேபிளைக் காட்டுவார். முதலில் தன் கிளாஸில் ஒரு துளி ஊற்றி முகர்வார். தக்கை கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், அதை விருந்தாளியின் மூக்கு வரை விடக்கூடாது. பிறகு உங்கள் கிளாஸில், அதன் வயிறு மிகவும் அகன்ற மட்டத்துக்கு மேலே போகாமல் ஊற்றுவார். மேலே வெற்றிடம் இருந்தால்தான் வாசனை தங்கும். கடைசிச் சொட்டு மேசையில் விழாதபடி போத்தலை மணிக்கட்டில் ஒரு திருப்பு. இத்தனையும் பேச்சை நிறுத்தாமல் நடக்கும்.

ஜூராவின் வான் ஜோன் ஒரு கிளாஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையருகே சவன்யான் என்ற திராட்சையிலிருந்து எடுப்பது. பீப்பாயில் வைன் ஆவியாகிக் குறையும்போது மற்ற ஊர்களில் மேலே ஊற்றி நிரப்புவார்கள். வான் ஜோனுக்கு நிரப்புவதில்லை. வைனின் மேல் ஈஸ்ட் மெல்லிய ஆடையாகப் படரும். அந்த ஆடைக்குக் கீழே, அறுவடையிலிருந்து கணக்கிட்டால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும். பிறகு 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டையான, தோள் அகன்ற போத்தலில் அடைப்பார்கள். ஒரு லிட்டர் வைன் இத்தனை காலத்தில் வற்றி நிற்கும் அளவு அது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

நிறம் பழைய பித்தளை. கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால் முதலில் வால்நட் பருப்பு, அடுத்து காய்ந்த ஆப்பிள் தோல். அதற்கும் அடியில், தெளிவாக, வெந்தயம். எண்ணெயில் போட்டுச் சிவக்கும் நேரத்து வெந்தயம். இது கற்பனை இல்லை. வெந்தயத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான சோட்டோலோன் என்ற வேதிப்பொருள், ஈஸ்ட் ஆடைக்குக் கீழே முதிரும் வைனிலும் உருவாகிறது. மேப்பிள் பாகின் வாசனையைச் செயற்கையாகக் கொண்டுவரவும் இதையே சேர்க்கிறார்கள். மேப்பிள் ஊரில் உட்கார்ந்து ஜூரா வைனைக் குடிக்கும் தமிழர் ஒருவருக்கு மூன்று ஊர் வாசனை ஒரே மூக்கில் ஏறுகிறது. கூடவே ஒரு துண்டு கோம்தே சீஸ் வரும், அதுவும் ஜூராவில் செய்வதே. குடித்து முடித்து நெடுநேரம் கழித்தும் அந்த மணம் தொண்டையை விட்டு அகலாது. இந்த வைனுக்கு 60 மில்லி தாராளம்.

மிளகும் இப்படித்தான். ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதிச் சிரா வைனில் மிளகு மணக்கிறது என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். ரொட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மூக்குக்கே எட்டுவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மஸ்கட் திராட்சையின் ரோஜா மணத்தில் லினலூல் இருக்கிறது. கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் அதுவே முதன்மை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. தேனிச் சந்தையில் அதைக் கிலோ கணக்கில் வாங்கித் தின்றவர்கள், மஸ்கட்டைத் தோலோடு ஊறவைத்து எடுத்த ஆரஞ்சு நிற வைனை முதல் முகர்விலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்தத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு பச்சைப் பாக்கை மென்றது போல ஈறைப் பிடிக்கும்.

உள்ளூர் வைன்களையும் கேட்டு வாங்க வேண்டும். கியூபெக்கில் வைன் செய்வது பிடிவாதக்காரர்களின் வேலை. குளிர் சில இரவுகளில் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். டன்ஹம் ஊரில் 1982இல் தொடங்கிய லோர்பையர் தோட்டத்தில் கொடிகளை மண் அணைத்து மூடிக் காத்தார்கள். இப்போது பல தோட்டங்கள் வெள்ளைத் துணிப் போர்வை விரிக்கின்றன. குளிர் தாங்கும் கலப்பின வகைகளான ஃப்ரொன்டெனாக், மார்க்கெட், விடால் ஆகியவை இங்கே பரவலாக இருக்கின்றன. ஃபார்னமில் உள்ள லே பெர்வான்ஷ் தோட்டம் ஷார்டொனேயையே வளர்த்துக் காட்டியிருக்கிறது, அதுவும் இயற்கை முறையில். விளைச்சல் குறைவு. வெளிவந்ததும் தீர்ந்துபோகும் அந்த வைனைச் சுவைக்க, ஒரு பார் திறந்த போத்தலிலிருந்து ஒரு கிளாஸ் கிடைப்பதே பலருக்கும் வாய்ப்பு. 2018இல் கியூபெக் வைனுக்குப் புவிசார் அடையாளமும் கிடைத்தது. சுவையில் எலும்பு வரை தெரியும் புளிப்பு, குறைந்த சாராயம், குளிர்ந்த கல்லை நக்கிய ஒரு தூய்மை. உருண்டு திரண்ட கலிஃபோர்னியச் சிவப்பைத் தேடுபவர் ஏமாறுவார். ரசத்தின் தெளிவை விரும்புபவர் ஏமாறமாட்டார். முடிவில் இனிப்புக்கு, கிறிஸ்டியன் பார்த்தோமெஃப் 1989இல் செய்து பார்த்துத் தொடங்கிவைத்த ஐஸ் சிடர் இருக்கிறது. உறைந்த ஆப்பிளின் சாறு வற்றித் திரண்டது. விரற்கடை அளவு போதும்.

தமிழரும் வைனும் புதிய அறிமுகம் இல்லை. மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் கொண்டுவந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பொருள் பார்த்து, கலம் பார்த்து, குளிர்ச்சியும் மணமும் பார்த்துப் பேசும் பழக்கம் நம்மிடம் அன்றே இருந்திருக்கிறது.

மொன்றியலின் உணவகங்களில் இன்னொரு தமிழ்க் கையும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 ஈழத்தமிழர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கோப்பை கழுவித்தான் கிடைத்தது. வைன் பாரில் அந்த வேலை சின்ன வேலை இல்லை. விளிம்பு மெலிந்த கிளாஸ் ஒன்றில் சவர்க்கார வாடை துளி தங்கினாலும் ஆறு வருடத் தவம் வீண். ஆவி காட்டி, நூல் உதிராத துணியால் துடைத்து, காம்பைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். “தம்பி, துடைச்சுப்போட்டு ஒருக்கா மணந்து பார். ஏதும் மணந்தா திருப்பிக் கழுவு” என்று மூத்தவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம், சொம்மெலியேயின் பாடத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நான் கிளாஸைப் பாராட்டும்போது அந்தக் கையையும் சேர்த்தே பாராட்டுகிறேன்.

இந்த நகரத்தில் பல ஆண்டு வாழ்ந்தும், ‘எங்களுக்கு வைன் தெரியாது’ என்று வாசலோடு திரும்பிவிடும் நம்மவர் பலர். தாளிப்பில் வெந்தயம் ஒரு நொடி கூடினால் கசக்கும் என்று தெரிந்தவருக்கு, ரசத்தில் மிளகு முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று சொல்லத் தெரிந்தவருக்கு, வைனை ரசிக்க வேண்டிய படிப்பு பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மீதி, திராட்சைப் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டுமே. கூட்டம் குறைந்த வாரநாள் மாலையில் போங்கள். மேசை வேண்டாம், பாரின் ஓரமாக உட்காருங்கள். வைனின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. புளிப்பு பிடிக்குமா, துவர்ப்பு பிடிக்குமா, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள், ஊற்றுபவருக்கு அது போதும். அரைக் கிளாஸ் தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பலகையில் ஜூரா என்று ஒரு வரி இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.